மூத்திரத்தை அடக்கும் வைத்தியம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு மின்சார ரயிலில் அவளைக் கதிர் வைத்தியத்துக்கு அழைத்துப் போவேன்.

மெஷினை இயக்குபவர் முதல் நாளே சொல்லிவிட்டார். "படுக்கறதுக்கு முன்னால ஒரு பாட்டில் தண்ணி குடிச்சிட்டு அடக்கிக்கணும்மா. மூத்திரப்பை ரொம்பினாத்தான் குடலை மேல தள்ளும். காலியா இருந்தா குடல் கீழ எறங்கி கதிர்ல மாட்டிக்கும். வெந்துடும்."

அக்கா தலையாட்டினாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் வெளியே கிளம்பினால் வீடு திரும்பும்வரை வாயை நனைக்க மாட்டார்கள். ஒதுங்க இடம் கிடையாது.

இரண்டாவது வாரம் பேதி பிடித்தது. ஒரு நாள் அம்பத்தூர் தாண்டும்போது சேலையிலேயே போய்விட்டது. எதிர் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். எனக்கும் குமட்டியது.

"கொஞ்சம் எல்லாருக்கும் வரும், இவ்வளவு வரக் கூடாது" என்றார் டாக்டர். இப்படியே போனால் கதிரை நிறுத்த வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் தங்கிவிடும்.

அதே வைத்தியத்துக்குப் பூந்தமல்லியிலிருந்து வரும் ஒரு பாய் வீட்டு அம்மா என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, நீ டீ குடிக்கப் போனதும் உங்கக்கா பாட்டிலை ஜன்னலாண்ட செடிக்கு ஊத்திடுது. செடி மட்டும் நல்லா கீது."

அக்காவிடம் கேட்டேன்.

"குடிச்சிட்டு அப்புறம் எங்கடா போறது? அந்தக் கக்கூஸைப் பாத்தியா நீ?"

போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை. பீங்கான் நிரம்பி வழிந்து காய்ந்து, அதன்மேல் புதிது. மூலையில் ரத்தம் ஊறிய பஞ்சுகள், ஈக்கள். கால் வைக்கப் போட்டிருந்த செங்கல்லிலும் மலம். குடல் வெந்தவர்களுக்கு அந்த மாடியில் இருந்தது இது ஒன்றுதான். வெளிச்சுவரில் சுத்தம் பேணச் சொல்லும் பலகைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

ஆஸ்பத்திரி ஆபீஸில் புகார் சொன்னேன். மிக்சர் தின்றுகொண்டிருந்தவர், "லேடீஸ் சமாச்சாரம் உங்களுக்கு எதுக்கு சார்?" என்றார்.

மறுநாள் ஃபினாயில் வாங்கிக்கொண்டு, கீழ்த்தளக் குழாயிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினேன். துப்புரவு செய்யும் அம்மாள் ஓடி வந்தார்.

"இன்னா சார், லேடீஸ்ல பூந்துகினு!"

"நீங்க ஏம்மா கழுவல?"

"மேல பைப்புல தண்ணியே வர்ல. எச்சி துப்பியா கழுவுறது? குடு இப்டி, ஊத்தவே தெரில உனுக்கு." துடைப்பத்தை எடுத்துத் தேய்த்தார்.

அன்று அக்கா என் கண்ணெதிரே பாட்டிலைக் காலி செய்தாள், கஷாயம் குடிப்பவள் மாதிரி. கதிர் முடிந்ததும் அடிவயிற்றைப் பிடித்தபடி நேரே அங்கே போனாள். பூந்தமல்லி அம்மா கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றார். "நான் நிக்கறேன், நீ நிதானமா வாக்கா."

வெளியே வந்த அக்கா என்னைப் பார்த்தாள். "நாளைக்கும் ஊத்துவியாடா?"

சோப்புப் போட்டும் கையிலிருந்து அந்த நாற்றம் போகவில்லை. "ஊத்தறேன்" என்றேன்.

"அப்ப குடிக்கறேன்."