உச்சியில் என்ன கோயில்

பகல் ஒன்றேகால் மணி. புதுச்சத்திரத்தில் சித்தப்பா வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, தரையில் ஆவி பறக்கக் கொட்டிக் கிடந்த சோறு. கஞ்சி வடிக்கும்போது அண்டா சரிந்துவிட்டது. அடுத்த உலைக்கு அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள்.

அன்று சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றியாகிவிட்டது. ஓமலூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் இலைக்காகக் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா லாரி வைத்திருப்பவர், பொறுமை குறைவு. வேன் டிரைவரை இரண்டு முறை கூப்பிட்டுப் பேசிவிட்டார். அவர் சாப்பிடாமல் கிளம்பினால் சம்பந்தமும் அவரோடு கிளம்பிவிடும் என்று சித்தப்பாவுக்குப் பயம்.

எண்பதுகளின் நடுவில் விசேஷ வீடுகளுக்கு டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். சாயங்காலத்துக்கு என்று வைத்திருந்த கேசட்டை உடனே போடச் சொன்னார் சித்தப்பா. உறையில் ஒரு தமிழ்ப் படத்தின் பெயர். உள்ளே இருந்தது வேறு. செங்குத்தான பெரும் பாறையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் பல்லி மாதிரி விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தார்கள். குறைந்த நேரத்தில் உச்சியைத் தொடும் போட்டி பற்றிய ஆங்கில ஆவணப்படம்.

டெக்காரர் பதறி கேசட்டை எடுக்கப் போனார்.

"இருங்க, இருங்க," என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. "இந்த ஓட்டம் ஓடறானுங்களே! பெரிய வேண்டுதலா இருக்குமுங்க."

எங்கள் பக்கத்தில் பாறை என்றால் மேலே கோயில். யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"மலைக்குச் செருப்போட போறான் பாரு," என்றாள் ஓர் அத்தை.

"அவுங்கூருச் சாமி கண்டுக்காதாட்ட இருக்குது."

"படி வெட்டறதுக்குள்ள அவசரப்பட்டுட்டானுங்க."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க தம்பி, பேப்பர்ல வேலை பாக்கறீங்க, இங்கிலீசு புரியுமுல்ல. மேல என்ன சாமிங்க?"

பந்தல்கால் ஓரத்தில் சித்தப்பா கும்பிடாத குறையாக நின்றார்.

"இன்னும் சொல்லலைங்க," என்றேன். அதுவரை அது உண்மை.

உச்சி வந்தது. வெறும் பாறை. முதலில் ஏறியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். பந்தலில் ஒரே கூச்சல்.

"ஒரு சூடங்கூடக் கொளுத்தலையே!"

"மணி பாக்கறதுக்கா அத்தனை தூரம் ஏறுனான்? கீழயே பாத்திருக்கலாமுல்ல?"

பெரியப்பா மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "கோயிலு பின்னால இருக்கும். படம் புடிச்சவன் அந்தப் பக்கத்தக் காட்டாம உட்டுட்டான். மறுக்காப் போடுங்க, நல்லாப் பாப்போம்."

மறுபடி போட்டார்கள். இந்த முறை ஏறுபவர்களை யாரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் உச்சிமேல்தான் கண். ஓரிடத்தில் வெள்ளையாக எதுவோ தெரிந்தது. "சுண்ணாம்பு அடிச்சிருக்குது!" என்று ஒருவர் எழுந்தே நின்றார். பறவை எச்சம் என்றார் இன்னொருவர். இருவருக்கும் ஆள் சேர்ந்தது.

சித்தப்பா வந்து, இலை போட்டாயிற்று என்றார்.

"உச்சி வந்துரட்டுமுங்க," என்றார் பெரியப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் பந்தி உட்கார மூன்றேகால் ஆனது. ரசத்தை மறுபடி சுட வைத்தார்கள்.