முப்பது வயலினில் ஒன்று

வயலின் வில்லில் தேய்க்கும் பிசினின் வாசனை, எத்தனை முறை துவைத்தாலும் அப்பாவின் சட்டையை விட்டுப் போகாது. மாதாகோயில் பாடற்குழுவில் வயலின் கற்ற அவர், விடியற்காலையில் காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், சினிமாப் பாட்டு ஒலிப்பதிவில் முப்பது வயலின்காரர்களில் ஒருவராக வாசித்துவிட்டுத் திரும்புவார். எங்கள் தெருவுக்கு அவர் வெறும் 'பிடில்காரர்'.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், மழையில் தெருவில் நெசவுக்கான பாவு நூலை நீட்ட முடியாமல் தறிக்காரர்களெல்லாம் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க, எல்லா ரேடியோவிலும் ஒரே பாட்டுத்தான். எனக்கோ வாய் நீளம். "அது எங்கப்பா வாசிச்சது" என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். உடனே யாரோ அந்தப் படத்தின் 'பாட்டுப் புஸ்தகம்' கொண்டுவந்து காட்டினார்கள். பாடியவர் பெயர் இருந்தது, இசையமைத்தவர் பெயர் இருந்தது, அப்பாவின் பெயர் இல்லை.

"புளுகாதடி, உங்கப்பா மாதாகோயில்ல தான வாசிக்கிறாரு" என்றாள் பக்கத்து பெஞ்சு செல்வி. எனக்கு வந்ததே கோபம்! அவள் பின்னலைப் பிடித்திழுத்து, அதற்கு டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டில் அழுது அடம்பிடித்து, மறுநாள் அப்பாவையே வகுப்புக்குக் கூட்டிவந்து நிறுத்தினேன்.

அப்பா சுருதி சேர்த்தார். நீளமாக ஒரே சுரம் இழுத்தார். நிறுத்தி, விரலை மடக்கி எண்ணிக்கொண்டு காத்திருந்தார். மறுபடி இன்னொரு சுரம். பாட்டை எங்கேயும் காணோம். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"மெட்ட வாசிப்பா!" என்று கெஞ்சினேன். மெட்டு அவருக்குத் தெரியாததா என்ன?

"அது பாடறவங்களுதுமா. நான் வாசிச்சது இதான்" என்று சொல்லி, மிச்சத்தையும் அப்படியே எண்ணி எண்ணிக் கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் வில்லை இறக்கினார். அந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். "பேரு கெடக்குது வுடுமா, பாட்டு நல்லா வந்துக்குதில்ல" என்றார்.

அந்த ஒலிப்பதிவுக் கூடம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. முப்பது பேர் வேலையை ஒரு கீபோர்டு பார்த்துவிடுகிறது. அப்பாவுக்குக் கை நடுக்கம்; வயலின் பரண்மேல் கிடக்கிறது.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் அதே பாட்டு. எந்தப் பாட்டென்று கண்டுபிடிக்க என் மகன் ஒலிபெருக்கிப் பக்கம் போனை நீட்டியதும், அதில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. கண் மங்கிய அப்பா என் பக்கம் சாய்ந்து, "என் பேரு போட்டுக்கிறானா பாருமா" என்றார். வாழ்நாளில் கேட்காதவர்! கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். பழைய ஒலிப்பதிவைச் சுத்தம் செய்தவர் பெயர்கூட இருந்தது.

"இல்லப்பா."

"சரி வுடு. நான் வாசிக்கிறது கேக்குதில்ல?"

"நல்லா கேக்குதுப்பா" என்றேன். அந்த முப்பது வயலினில் எது அவருடையது என்று எனக்கு இன்றுவரை பிரித்துக் கேட்கத் தெரியாது.