நெற்றியில் ஆறு கோடுகள்

2011இல், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மெரிலேண்ட்ஸில் ஒரு கலியாணப் பட ஸ்டூடியோவில் எனக்கு வேலை. முதலாளி குணம் அண்ணை படம் எடுப்பார். நான் கொம்பியூட்டரில் ரீடச் பண்ணுவன். பரு, தழும்பு எல்லாம் எடுத்து, எங்கட பொம்பிளையளை ரெண்டு படி வெளுக்க வைச்சுக் குடுப்பன். ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

அந்த வருசம் நியாடக் எண்ட தென்சூடான் பிள்ளையின்ர கலியாணம் வந்தது. தகப்பன்ர நெற்றியில இந்தக் காதிலயிருந்து அந்தக் காதுவரைக்கும் ஆறு கோடு.

"கத்திவெட்டுப் போல கிடக்கு, தங்கச்சி. ரீவியில காட்டுற சண்டியர் மாதிரி. கலியாணப் பட அல்பத்துக்கு வடிவில்லை, எடுத்துவிடும்," எண்டார் அண்ணை.

எனக்கும் அப்பிடித்தான் பட்டது, ஏன் பொய் சொல்லுவான்? ஆபிரிக்க ஆக்கள் எண்டால் அடிபிடி எண்டுதானே ரீவியும் சொன்னது, எங்கட விருந்துகளிலயும் கதைச்சவை. நூற்றுச் சொச்சம் படத்தில அந்த மனுசன்ர நெற்றியை வழவழவெண்டு ஆக்கி, ஆளையும் வெளுக்க வைச்சு, பழைய ஃபைலுக்கு மேலேயே சேவ் பண்ணிப்போட்டன். சோம்பல்தான். அதோட, நல்லது செய்யிறன் எண்ட நினைப்பு வேற!

வெள்ளிக்கிழமை நியாடக் படம் பாக்க வந்தா. திரையைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"இது ஆர்?" எண்டு இங்கிலீசில கேட்டா.

"உங்கட அப்பா."

"இல்லை. அப்பாட கோடு எங்க? எங்கட ஊரில பெடியன் ஆம்பிளையாகிற நாளில கீறுறது அது. அழாமல் படுத்திருக்கவேணும். அவருக்கு அதுதான் மரியாதை." அவ திரையை விட்டு என்ர பக்கம் திரும்பினா. "பதினேழு வருசத்துக்குப் பிறகு கென்யா அகதி முகாமிலயிருந்து கலியாணத்துக்கு வந்திட்டுத் திரும்பிப் போயிட்டார். அவரோட எனக்கு வேற படமே இல்லை."

நான் ஃபோல்டர் எல்லாத்தையும் திறந்து தேடினன். பழைய ஃபைல் ஒண்டும் இல்லையே! அண்ணை வழமையா அடுத்த நாளே மெமரி கார்டை அழிச்சுப்போடுவார்.

"அண்ணை, அந்தக் கார்ட்?"

அவர் கமராப் பையை மேசையில கவிட்டுக் கொட்டினார். "நாளைக்கு ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கெண்டு எடுத்து வைச்சனான். இன்னும் அழிக்கேல்லைப் போல கிடக்கு, பொறும்."

போட்டுப் பாத்தால், கடவுளே, எல்லாப் படமும் கிடந்தது! ஆறு கோட்டோடையும் அந்த மனுசன் மகளின்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார். "இதுதான் அப்பா," எண்டு நியாடக் திரையைத் தொட்டு அழுதா, பிறகு தானும் சிரிச்சா. அப்பாடா! நான் கதிரையில பொத்தெண்டு இருந்திட்டன். அண்ணை ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைச்சிட்டு, "சொறி, பிள்ளை," எண்டார்.

இந்தத் தொழிலுக்கு வாற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லுறன். ஒராளின்ர முகத்தில எதையும் அழிக்க முந்தி, அவையிட்டையே கேளுங்கோ. கத்திவெட்டு எண்டு சொன்னது அண்ணையின்ர வாய்தான். நம்பி அழிச்சது என்ர கை.