அகழியில் பார்த்ததாக நான் எழுதிய ஆந்தை

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை நான் யாரிடமும் சொன்னது கிடையாது. இன்றைக்குச் சொல்லப்போகிறேன். இடையிடையே வயிற்றெரிச்சல் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினோரு வருடப் பழக்கம், ஒரே நாளில் விட்டுப் போகாது.

நாங்கள் இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். எனக்கு அக்கா, அவனுக்குத் தங்கை. இந்தத் தீவில் காட்டை ஒட்டி இருக்கும் சுற்றுலா விடுதியில் நான் இருபத்துநாலு வருடமாக வழிகாட்டி. முன்னூற்றுப் பன்னிரண்டு பறவைகளின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இடிந்த கோட்டையின் தூண் மண்டபத்தை யார் கட்டியது, எந்த வருடம், எத்தனை தூண், எத்தனை விழுந்தது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். பதினோரு வருடத்துக்கு முன்னால் சகலை ரொட்டிக்கடை வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். விடிவதற்கு முன்னால் கிளம்பி, தீவின் சந்து பொந்தெல்லாம் நுழைந்து கடை கடையாக ரொட்டி போட்டுவிட்டு வருவான். ஒரு நாள் ரொட்டிக்கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் என் மனைவி ஆரம்பித்தாள்.

"என் தங்கச்சி புருஷன் ரெண்டு மாசமா வீட்டுல மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்க விடுதியில ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

சொன்னேன். அவனையும் வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டார்கள். குறைந்துதான் போனேன்.

அவனுக்கு ஒரு பறவையின் பெயர்கூட ஒழுங்காகத் தெரியாது. இருவாச்சியை "பெரிய மூக்கு" என்பான். நாரையை "அந்தக் குச்சிக் காலு" என்பான். ஆனால் எது எங்கே இருக்கும் என்று தெரியும். ரொட்டி வேனில் பத்து வருடம் சுற்றியவன் அல்லவா! எந்தப் பாலத்தடியில் முதலை வெயில் காயும், எந்த ஆலமரத்தில் பழம் பழுக்கும் பருவத்தில் பெரிய மூக்கு வந்து இறங்கும், கடல் ஆமை எந்த மணலில் ஏறும், எல்லாம் அவன் மனதில் இருந்தது. விடுதி வேனை நிறுத்துவான். உதட்டில் விரலை வைத்து "உஸ்" என்பான். பிறகு அரை மணி நேரம் வாயைத் திறக்க மாட்டான். அந்தப் பைத்தியக்கார ஜனங்களும் பேசாமல் உட்கார்ந்திருக்கும். பார்க்க வேண்டியது தானாக வந்து முன்னால் நிற்கும்.

பயணிகள் அவனுக்கு "உஸ்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். போன வருடம் வந்து போனவர்கள் இந்த வருடம் வந்து இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "உஸ் இருக்காரா?" எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

தூண் மண்டபத்தில் நான் முக்கால் மணி நேரம் தொண்டை வறளச் சரித்திரம் சொல்வேன். கொட்டாவி விடுவார்கள். இவன் அதே மண்டபத்துக்குக் கூட்டிப் போய், "எல்லாரும் தரையில மல்லாந்து படுங்க" என்பானாம். படுத்தால் கூரைக் கல்லில் செதுக்கிய மீனும் மானும் கொடியும் தெரியும். நின்றுகொண்டு பார்த்தால் கழுத்து வலிக்கும், படுத்தால் வலிக்காது, அவ்வளவுதான் விஷயம். அதற்குப் போய் ஒரு அம்மா கண்ணீர் விட்டாளாம். விடுதியின் பார்வையாளர் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இருபத்துநாலு வருடத்தில் என்னைப் பற்றி எழுதியவர்கள் எழுதிய ஒரே வார்த்தை, "விவரமானவர்".

இப்படி நான் வெந்துகொண்டிருந்தபோதுதான் விடுதி கைமாறியது. புதிதாக வந்த மேலாளர் அம்மா எங்கள் இருவரையும் நிற்கவைத்தே சொல்லிவிட்டார்.

"நிரந்தர வழிகாட்டி ஒருத்தர்தான் இனிமே. சம்பளமும் குவார்ட்டர்ஸும் அவருக்கு. இன்னொருத்தர் வேற வேலை பாத்துக்கலாம். இந்த மாசம் முழுக்க கரும்பலகையையும் பார்வையாளர் புத்தகத்தையும் பாத்துட்டு முடிவு சொல்றேன்."

கரும்பலகை என்பது சாப்பாட்டு அறை வாசலில் இருப்பது. அன்றன்று பார்த்ததை வழிகாட்டி அதில் எழுத வேண்டும்: என்ன, எங்கே, எத்தனை. எனக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. வலது முட்டி மடங்க மறுத்தது. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. அவனுக்கோ நாற்பதுகூட ஆகவில்லை.

மாதத்தின் மூன்றாவது வாரம் ஒரு காலை. நாலு மணி நேரம் சுற்றியும் எனக்குக் காக்காயைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கு முந்தின நாள் சகலை பலகையில் எழுதியிருந்தான்: "பெரிய மூக்கு ஏழு, முதலை மூணு, உடும்பு சண்டை." சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தேன். என் கை தானாக எழுதியது என்று சொன்னால் பொய். யோசித்துத்தான் எழுதினேன். "மீன் ஆந்தை, ஒரு ஜோடி. கோட்டை அகழி." இந்தத் தீவில் மீன் ஆந்தையை ஆறு வருடமாக யாரும் பார்த்ததில்லை. நாளை சகலையின் முறை. போகட்டும், தேடட்டும், வெறுங்கையோடு திரும்பி வந்து முழிக்கட்டும் என்று கணக்குப் போட்டேன்.

அன்று விடுதியில் ஒரு வயதான தம்பதி தங்கியிருந்தார்கள். இருவரும் ஓய்வு பெற்ற டாக்டர்கள், பறவைப் பைத்தியங்கள். பலகையைப் பார்த்ததும் அவர்கள் முகம் பல்பு போட்டது மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் விடியலில் சகலையோடு கிளம்பினார்கள். பத்து மணிக்குத் திரும்பினார்கள். நான் சாப்பாட்டு அறையில் டீயை ஆற்றுகிற மாதிரி நின்று வேடிக்கை பார்த்தேன்.

"என்ன ஆச்சு?" என்று மேலாளர் அம்மா கேட்டார்.

"அண்ணன் பாத்தது பாத்ததுதான் மேடம். என் கண்ணுலதான் படல" என்றான் சகலை.

எனக்கு உள்ளுக்குள் குதித்தது. மறுநாள் என் முறை; முட்டி வலி என்று சொல்லி அவனோடேயே அனுப்பினேன். அதற்கு மறுநாளும் போனார்கள். அந்த ஆந்தைக்காகவே இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினார்கள். ஒவ்வொரு நாளும் சகலை வெயிலில் கறுத்துப்போய் வந்து அதே வார்த்தையைச் சொன்னான். போகும்போது அந்த டாக்டர் புத்தகத்தில் எழுதினார்: "ஒரு வழிகாட்டி கண்டுபிடித்ததை இன்னொருவரால் மூன்று நாளாகியும் காட்ட முடியவில்லை. ஏமாற்றம்." பதினோரு வருடத்தில் அவனைப் பற்றிய முதல் குறை! மூன்று தடவை படித்தேன். அன்று மதியம் என் மனைவி, "என்ன, இன்னைக்கு ஒரு கை கூடுதலா சாப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

மாதக் கடைசியில் வேலை எனக்கு வந்தது.

சகலை அன்றே தன் தொப்பி, தொலைநோக்கி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மரியாதைக்காக வாசல் வரை கூடப் போனேன். மனது கேட்கவில்லை, வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னப்பா, மூணு நாள் தேடியும் கிடைக்கலியே? அகழிய நல்லாச் சுத்திப் பாத்தியா?"

அவன் பையைத் தோளில் சரிசெய்தான். என்னைப் பார்க்காமல் பேசினான்.

"அண்ணே, அந்த அகழி போன வருஷமே வத்திப் போச்சு. உள்ள மாடு மேயுது. தண்ணியில்லாத இடத்துல மீன் ஆந்தைக்கு என்ன வேலை?"

அகழிக்குப் போக எண்பது படி இறங்க வேண்டும். முட்டி வலி வந்த பிறகு நான் இறங்குவதே இல்லை. மண்டபத்தில் நின்றபடியே "அதோ அந்தப் புதருக்குப் பின்னால் அகழி" என்று கையைக் காட்டிவிடுவேன். இருபத்துநாலு வருட அனுபவம்!

"அப்ப... அந்த டாக்டருங்க பாத்திருப்பாங்களே?"

"அகழிப் பக்கம் கூட்டிட்டே போகல. பகல்ல ஆத்துப் பக்கம்தான் வரும்னு சொல்லி ஆத்தங்கரையில உக்கார வெச்சேன். காஞ்ச அகழியப் பாத்திருந்தா உங்களப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க?"

"மேலாளர்கிட்ட சொல்லியிருக்கலாமே. வேலை உனக்கு வந்திருக்குமே."

"சொல்லலாம்தான். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும். உங்களுக்கு இது போச்சுன்னா என்ன தெரியும் அண்ணே?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இத்தோடு எனக்குப் புத்தி வந்தது என்று நினைக்கிறீர்களா? வரவில்லை. புதுப் பொறாமைதான் வந்தது. பறவையைக் கண்டுபிடிப்பதில் அவன் என்னை மிஞ்சினான், சரி. வேலையை விட்டுக்கொடுப்பதிலும் அவன்தானா மிஞ்ச வேண்டும்?

இரண்டு வாரத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கும் பயணிகளை எங்கள் விடுதிக்கும் மற்ற விடுதிகளுக்கும் கொண்டுவந்து இறக்கும் பேருந்துக்கு டிரைவர். ஒன்றரை மணி நேரப் பாதை. மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்கிறான் என்று புகார் வந்தது; பயணிகளே கையெழுத்துப் போட்டு அந்தப் புகாரை ஒன்றுமில்லாமல் அடித்துவிட்டார்கள். பேருந்து வாசலில் நின்றால் எல்லாரும் சிரித்துக்கொண்டு இறங்குகிறார்கள். உடையில் மண்டபத்துத் தூசி. முதலை பார்த்தாயிற்று, பெரிய மூக்கு பார்த்தாயிற்று. இனி நான் என்னத்தைக் காட்டுவது?

நேற்றுக் காலை ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள். மகள் நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்கதானே வழிகாட்டி? டிரைவர் அங்கிள் சொன்னாரு, வேடிக்கை காட்டத்தான் அவருக்குத் தெரியுமாம். அதெல்லாம் என்னன்னு புரியணும்னா உங்ககிட்டதான் கேக்கணுமாம். இந்தத் தீவுல உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாதாம். எல்லாருகிட்டயும் இதையே சொன்னாரு."

பேருந்தைப் பார்த்தேன். அவன் குனிந்து டயரைத் தட்டிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

"ஒரு நிமிஷம் இரும்மா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மேலாளர் அறைப் பக்கம் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஆந்தையைப் பற்றிச் சொல்ல நாலே வார்த்தை போதும்: "நான் எழுதியது பொய் மேடம்." வாசல் வரை போனேன், திரும்பினேன். மறுபடியும் போனேன். குவார்ட்டர்ஸ் ஜன்னலில் என் மனைவி புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தது அங்கிருந்தே தெரிந்தது. மூன்றாவது தடவை போனபோது மேலாளர் அம்மா தலையைத் தூக்கி, "என்ன, ஏதாவது வேணுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றேன்.

வெளியே வந்தபோது பேருந்து போய்விட்டிருந்தது. அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காக விடுதி வேனில் காத்திருந்தாள்.