பத்தில் எத்தனை

இந்த நாட்டில் வலியை இலக்கத்தில் சொல்ல வேண்டும். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஏதாவது ஒன்று. நோர்வேயில் இருபது வருடம் மீன் தொழிற்சாலையில் பெட்டி தூக்கிவிட்டு, நாற்பத்தாறு வயதில் தாதியர் படிப்புக்குப் போன எனக்கு, மருந்துகளின் பெயர்களைவிட இந்தக் கணக்குத்தான் பிடிபடவில்லை. எங்கள் ஊரான கரம்பொன்னில் நோவை யாரும் அளந்ததில்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து அம்மாவின் மணிக்கட்டு முறிந்த அன்று, பார்க்க வந்தவர்களிடம் “ஒண்டுமில்லை, சும்மா சுளுக்கு” என்று சொல்லி, மற்றக் கையால் தேத்தண்ணி போட்டார். வந்தவர்கள் அதை நம்பவில்லை. மறுநாள் சோறு கறியோடு வந்தார்கள். சொல்பவர் குறைத்துச் சொல்வார், கேட்பவர் கூட்டிக் கேட்பார். அதுதான் எங்கள் ஒழுங்கு.

இங்கே சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். படிப்பின் இரண்டாம் வருடம் முதுகு நொந்து மருத்துவரிடம் போனபோது “இரண்டு” என்றேன். அவரும் இரண்டு என்று எழுதி, குளிசை தந்து அனுப்பினார். மூன்று மாதமும் இரண்டுதான் சொன்னேன். ஒருநாள் பஸ் இருக்கையிலிருந்து எழும்ப முடியவில்லை. சாரதிதான் அம்புலன்ஸை அழைத்தார். இந்த நோ இனி முழுதாகப் போகாது என்றார்கள். படிப்பு ஒன்றரை வருடம் நின்றது. கட்டிலில் கிடந்து என் மடத்தனத்தை நினைத்து அழுதேன்.

படிப்புக்குத் திரும்பிப் போனபோது, வைத்தியசாலைப் பயிற்சியில் தேறாவிட்டால் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். என்னைக் கண்காணித்த தாதி இங்கரிட், என் வேலையைவிட முதுகைத்தான் அதிகம் கவனித்தார். கடைசி வாரம், எங்கள் பக்கத்து ஊரான புளியங்கூடலைச் சேர்ந்த ஐயா ஒருவர் நோயாளியாக வந்தார். இடுப்பில் சத்திரசிகிச்சை முடிந்து மறுநாள். இலக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்தபடி “இரண்டு” என்றிருக்கிறார். தாளிலும் இரண்டு, இரண்டு என்றே இருந்தது. ஆனால் போர்வையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளிறியிருந்தன.

“ஐயா, இப்ப ஊரில நிண்டா ஊர்காவற்றுறைச் சந்தைக்குச் சைக்கிள்ல போவியளோ?”

“சைக்கிளோ? மற்றப் பக்கம் திரும்பவே ஏலாமல் கிடக்கு, பிள்ளை.”

“பின்னை ஏன் ரெண்டெண்டு சொன்னனீங்கள்?”

“அவையளுக்கேன் வீண் கரைச்சல்.”

ஒன்பது என்று எழுதி, இங்கரிட்டைக் கையோடு கூட்டிவந்தேன். காயத்துக்குள் இரத்தம் கசிந்து கட்டியிருந்தது. மத்தியானத்துக்குள் திரும்பவும் சத்திரசிகிச்சை செய்து ஐயாவைக் காப்பாற்றிவிட்டார்கள். “அப்படியானால் தமிழர் சொல்லும் இலக்கத்தோடு ஏழு கூட்ட வேண்டுமா?” என்று இங்கரிட் பேனையைத் திறந்துகொண்டு கேட்டார். பகிடியாக இல்லை. கூட்ட வேண்டாம், என்ன செய்ய முடியவில்லை என்று கேளுங்கள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். என் பயிற்சி அறிக்கையில் ‘தேறினார்’ என்பதற்குக் கீழே அந்தக் கேள்வி இருக்கிறது. அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

வேலையில் சேர்ந்த முதல் நாள், வெள்ளைச் சீருடையைத் தலை முதல் கால்வரை அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

“முதுகு எப்பிடி?”

“ஒண்டுமில்லையம்மா.”

“அப்ப ஏன் சப்பாத்துக்குக் கயிறில்லை?”

குனிந்து கட்ட முடியாததால் வாங்கிய சப்பாத்து. முதல்முறையாக அம்மாவிடம் இலக்கம் சொன்னேன். “பத்தில ஆறு.”

அம்மா விரல்விட்டு எண்ணினார். “மிச்சம் நாலிலயோ நேர்ஸானனீ?”

“ஓம்” என்றேன். அம்மா சிரித்தார். ஆனாலும் அந்த ஆறை அவர் நம்பவில்லை. “முதல்ல கதிரையில இரு” என்றார். கரம்பொன்னிலிருந்து வந்த உத்தரவுக்கு, நோர்வேயில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.