கண்மாய்க் கரையில் துண்டு வீசியது யார்?

என் மச்சான் பொய் சொல்கிறார். மனைவியின் அண்ணன் என்பதால் 'சொல்கிறார்' என்று எழுதுகிறேன், இல்லாவிட்டால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். கண்மாயில் வெள்ளைத் துண்டை வீசியது என் மகள் இல்லை. அவளுக்கு அப்போது ஐந்து வயது. வீசியது நான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்கம்புணரிப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீருக்கு வந்ததும், ஒருநாள் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். ஆனால் நினைத்த நேரத்தில் இறங்க முடியாது. மடையில் இருக்கும் கருப்பருக்குச் சாமி கும்பிட்டுவிட்டு, ஊர்ப் பெரியவரான அம்பலம் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசவேண்டும். அதுவரை சுற்றுப்பட்டு ஜனங்கள் எல்லாம் வலையும் கூடையுமாகக் காத்து நிற்பார்கள். சாமி கும்பிடாமல் இறங்கினால் மழை தவறிவிடும் என்பது நம்பிக்கை.

நான் காரைக்குடியில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறவன். மீனைத் தட்டில் பார்த்துத்தான் பழக்கம். இந்த லட்சணத்தில் மகளிடம், "அப்பா வெறுங்கையாலயே விரால் பிடிப்பேன், பாரு" என்று அளந்துவிட்டேன். அவளும் நம்பி ஒரு பெயின்ட் வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள். மீனை உயிரோடு கொண்டுபோய் வளர்க்கப்போகிறாளாம்.

அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கரையில் நின்றேன். ஒரு கையில் ஊத்தா. அது அடியில்லாத மூங்கில் கூடை. சேற்றில் அமுக்கி, மேலே இருக்கும் வாய் வழியாகக் கையை விட்டு மீனைத் துழாவவேண்டும். பக்கத்தில் ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊர்க்காரவுக நீங்க?"

"காரைக்குடி."

"அதான் தலைகீழாப் பிடிச்சிருக்கீக."

திருப்பிப் பிடித்தேன். அப்போதுதான் மச்சானிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, எங்குட்டு நிக்கிறீக?"

"இங்குட்டுத்தான் மச்சான், வேப்பமரத்துக்கிட்ட."

"கரை பூரா வேப்பமரமால்ல இருக்கு. துண்டத் தூக்கி ஆட்டுங்க, வந்துர்றேன்."

துண்டு வெள்ளைத் துண்டு. வெயிலுக்கு ஆகும் என்று காலையில் மச்சான் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்தது. அன்றைக்கு விவரமான யாரும் கரைக்கு வெள்ளைத் துண்டோடு வரமாட்டார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? மகளின் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். என் வாழ்க்கையில் வேறு எந்த வேலையையும் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. எதிர்க்கரையில் ஒரு கூச்சல் கிளம்பியது. கண்மூடித் திறப்பதற்குள் கரையில் ஆளில்லை, எல்லாரும் தண்ணீரில். அம்பலம் மடையில் அப்போதுதான் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தார்.

அவர்தான் துண்டு வீசிவிட்டார்போல என்று நினைத்து நானும் இறங்கினேன். இதைவிடக் கேவலம் உண்டா? மகள் வாளியோடு ஓரத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். சுற்றிலும் ஆளாளுக்குக் கெண்டையும் கெளுத்தியுமாக அள்ளுகிறார்கள். நான் நெடுநேரம் துழாவி ஒன்றைப் பிடித்துத் தூக்கினேன்.

"அப்பா, அது செருப்பு."

"தெரியும், பாப்பா."

மீன்பிடி முடிந்ததும் ஊர் கூடியது. தான் வீசவில்லை, வீசியது யார் என்று அம்பலம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. என் மச்சான் முன்னால் போய் நின்றார்.

"புள்ள வெளையாட்டா வீசிருச்சு, அம்பலத்தாரே. என் கண்ணால பார்த்தேன். சின்னப் புள்ள, விட்டுருங்க."

"இல்லைங்க, நான்தான் வீசினேன்" என்றேன்.

"பெத்த புள்ளைக்காகப் பழிய ஏத்துக்கிறாரு பாருங்கப்பா" என்று ஒருவர் உருகிப்போனார். ஒரு வளர்ந்த மனிதன் அப்படிச் செய்வான் என்று யாருமே நம்பவில்லை. நான் சத்தம் போடப் போட, எனக்கு நல்ல தகப்பன் என்ற பெயர் கூடிக்கொண்டே போனது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அதன்பிறகு நாங்கள் போகும்போதெல்லாம், "மழைய வெரட்டுனவுக வந்துட்டாகப்பா" என்று அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கேலிதான். ஆனால் போன முறை ஊருக்குக் கிளம்பும்போது அவள் பேருந்தில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"நான் துண்டு வீசுனதாலதான மழை வரல?"

"நீ வீசலடா. அப்பாதான் வீசினேன்."

"இல்லப்பா. நான்தான் வீசுனேன். மாமா பார்த்தாராம்."

அன்றைக்கு என் தோளில் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளை இப்போது தான் வீசியதாகவே நினைக்கிறது. நான் சொன்னால் எடுபடவில்லை. விரால் பிடிப்பேன் என்று சொன்ன வாய்தானே.

மச்சான், தனியாகக் கேட்டால் "சின்னப்புள்ளைய யாரு என்ன செய்யப்போறா, விடுங்க மாப்ள" என்கிறீர்கள். விட முடியாது. அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டாவது வருவேன். துண்டை ஆட்டச் சொன்னது யார், ஆட்டியது யார்? அம்பலம் முன்னால், ஊர் முன்னால், அவள் காதில் விழும்படி எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.