சந்தனப் பொட்டும் ஜப்பான் கத்தரியும்

வேலுத்தாய்க்குப் பயம் புதிதல்ல. ஆலங்குளம் பக்கம் கிணறு வெட்டப் போன புருஷன் மண் சரிந்து செத்த நாளிலிருந்து அது அவளோடு ஒரே வீட்டில்தான் குடியிருந்தது. கல்யாணக் கோஷ்டி எதிரே வந்தால் சந்துக்குள் ஒதுங்குவாள். தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாது என்று அவளுக்கு ஊரே சொல்லிக்கொடுத்திருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் போவாள். வைகுண்டராஜின் தையல் கடையில் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவள் வேலை. மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை போனால் பிள்ளையைத் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கடையில் ஒரு ஜப்பான் கத்தரி இருந்தது. கப்பலில் வேலை பார்த்த வைகுண்டராஜின் மைத்துனர் எண்பத்தாறில் கொண்டுவந்தது. மெஷினில் செய்தது இல்லை. யாரோ ஒரு கொல்லன் காய்ச்சி அடித்து உருவாக்கியது. பிடிக்குக் கறுப்புப் பூச்சு, அலகு மட்டும் வெள்ளை. கடையின் பழைய கத்தரிகளுக்கு இருந்த நிக்கல் பூச்சு அந்த அலகுக்குக் கிடையாது. கோட்டுத் துணியை நாலாக மடித்துப் போட்டாலும் வாழைத்தண்டை அறுப்பதுபோல் போகும். முதலாளியைத் தவிர வேறு கை அதில் படக்கூடாது.

அது வந்த வருஷ ஆயுத பூஜைக்கு வைகுண்டராஜ் அதன் அலகு நெடுகச் சந்தனப் பொட்டு வைத்தார், மேலே குங்குமம் வைத்தார். பூஜை போட்ட சாமானை மறுநாள் வரை யாரும் தொடுவதில்லை. காலையில் பொட்டைத் துடைத்தபோது அலகெல்லாம் துரு.

"தீட்டுப் பட்டிருக்கு. எவட்டி அவ?" என்று கத்தினார்.

முந்தின நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தவள் ஹெம்மிங் தைக்கிற சுடலைமாடத்தி. மம்சாபுரத்துக்காரி. மத்தியானத்துக்குள் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் கத்தரியின் பக்கமே போகவில்லை. ஆனால் அது யாருக்கு வேண்டும்?

வேலுத்தாய் ஒன்றைப் பார்த்திருந்தாள். துரு வட்டம் வட்டமாக இருந்தது, பொட்டு இருந்த இடத்தில், பொட்டின் அளவில். ஈரச் சந்தனம் ராத்திரி முழுவதும் பூச்சில்லாத பச்சை இரும்பில் உட்கார்ந்திருக்கிறது. பார்த்தவள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷமும் பூஜை வந்தது. வைகுண்டராஜ் அதே கத்தரிக்கு அதே போலச் சந்தனம் குழைத்தார். அறுதலி என்பதால் வேலுத்தாய் வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள்.

"இந்தத் தடவையும் ஏதாச்சும் ஆச்சுன்னா, யாருன்னு தேடிக்கிட்டு அலைய மாட்டேன்" என்று அவளைப் பார்த்தபடியே சொன்னார்.

"வேலுத்தாயக்கா, அம்மனுக்கு ஒங்க மேல ஒரு கண்ணு இருக்கு போல" என்றான் மெஷினில் தைக்கிற கருத்தையா. எல்லாரும் சிரித்தார்கள்.

பொரிகடலையை வாங்கிக்கொண்டு ஆட்கள் கலைந்தார்கள். "ஏட்டி, பெருக்கிப்போட்டுச் சாவிய வீட்டுல குடுத்துட்டுப் போ. பூஜைச் சாமான்ல கை வச்சிராத" என்று சொல்லிவிட்டு வைகுண்டராஜும் கிளம்பினார். பூஜைக்கு ஆகாத கை விளக்குமாற்றுக்கு ஆகும் போலிருக்கிறது.

தனியாக நின்றாள். தொடாவிட்டால் விடியும்போது துரு, பழி அவள்மேல். தொட்டு மாட்டிக்கொண்டாலும் வேலை போகும். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. சட்டென்று ஒரு வெட்டுத்துணியை எடுத்து அலகைத் துடைத்தாள். மெஷின் எண்ணெயை விரலால் தடவினாள். மிச்சமிருந்த சந்தனத்தில் பொட்டுகளைக் கறுப்புப் பிடியில் வைத்தாள். அவசரத்தில் பொட்டு ஒவ்வொன்றும் கோணிப் போயிற்று.

படியில் செருப்புச் சத்தம்.

"அக்கா, என் துண்டப் பாத்தியளா?" கருத்தையா.

எண்ணெய் விரல்களை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "அங்கன கெடக்கு பாரு." அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை கத்தரி பளபளவென்று இருந்தது. வைகுண்டராஜ் அதைத் தூக்கிப் பிடித்தார். "பாத்தியளாலே! பொட்டக்கூட அம்மனே பிடிக்கு நகத்திருக்கா. தீட்டுக்காரி போனா, ஆத்தா மனசு குளுந்துட்டா. அந்தச் சுடலைமாடத்திதான்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா?"

வேலுத்தாய் தலையை ஆட்டினால் போதும், வேலை பத்திரம். துருப் பிடித்தால் என்ன ஆகும் என்றே ராத்திரியெல்லாம் பயந்து கிடந்தவள், துருப் பிடிக்காத அலகு சுடலைமாடத்திக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று நினைக்கவே இல்லை.

"அண்ணாச்சி" என்றாள். "அம்மன் இல்ல. நாந்தான் தொடச்சேன். சந்தனத்து ஈரந்தான் துருவாச்சு. அவ ஒண்ணும் பண்ணல."

அவர் கை சுட்டதுபோல் கத்தரியை மேஜையில் போட்டார். "அறுதலி கையா இதுல பட்டுச்சு?"

"அண்ணாச்சி, அலகு சுத்தமாத்தான இருக்கு…" என்று கருத்தையா இழுத்தான். அவர் முறைத்ததும் மெஷினுக்குக் குனிந்துகொண்டான்.

"வெளிய போட்டி!"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பிள்ளையைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிக்கொண்டாள். சொன்ன வாய்க்கே நம்பிக்கை இல்லை. வீட்டுக்குப் போகாமல் மம்சாபுரத்துக்குப் போனாள்.

சுடலைமாடத்தி பருத்திக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். வேலுத்தாய் வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப நான் இல்லையா?" சுடலைமாடத்தி களைக்கொத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்பகூட, நான் சாமி குத்தம் பண்ணுனவ, என்னாலதான் வந்துச்சுன்னு கெடந்தேனே வேலுத்தாயி." பிறகு நிமிர்ந்தாள். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

வைகுண்டராஜ் முன்னால் நின்றபோதுகூட வேலுத்தாய்க்கு இவ்வளவு பயம் வரவில்லை.

"அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கேவா?"

"பயந்துட்டேன்."

சுடலைமாடத்தி அவளை வெறித்துப் பார்த்தாள். ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து ஓங்கியவள், அதைக் கையிலேயே பொடித்துவிட்டு எழுந்து களை வெட்டப் போய்விட்டாள். வேலுத்தாய் நகரவில்லை.

பாதிப் பாத்தி போன பிறகு திரும்பிப் பார்க்காமல் குரல் வந்தது: "அந்தா மரத்தடியில இன்னொரு கொத்து கெடக்கு. சும்மா நின்னா காட்டுக்காரன் வைவான்."